மேற்குப் பக்க யன்னல்

தன்னாமுனை
11 மார்ச் 2024

அன்புள்ள ஜிலியன் மச்சாளுக்கு,

என் கையெழுத்து உங்களுக்குப் புதிது. இது மார்க்கின் மனைவி சர்மிலா. அக்காவும் தம்பியும் கதைக்காமல் விட்டு இரண்டு வருசமாகிறது. அதற்குள் நான் நுழைவது சரியோ தெரியவில்லை. ஆனாலும் இதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை.

போனில் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு போன்தான். அது அவருடைய தலைமாட்டில் ஒரு கம்பியில் பூட்டியிருக்கிறது. வாயில் குச்சியைக் கவ்வி அதைத் தட்டிப் பழகிவிட்டார். யார் எடுத்தாலும் முதலில் அவருக்குத்தான் கேட்கும். அதனால் பக்கத்து வீட்டுப் பிரஷாந்தியின் தையல் மேசையிலிருந்து எழுதுகிறேன். பதில் போட்டால் அவளுடைய பெயருக்கே போடுங்கள்.

விசயம், கதை நிற்பதற்கு முன்பு நீங்கள் வாங்கித் தந்த ஏசியைப் பற்றியது. ஏறாவூர் றோட்டில் மாட்டோடு மோதிக் கழுத்து முறிந்ததிலிருந்து அவருக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசைவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேர்ப்பதும் நின்றுவிட்டது என்பது எங்களுக்கே பிந்தித்தான் விளங்கியது. டொக்டர் சொன்னார், "இவர்ர உடம்புக்குத் தன்னைக் குளிராக்கத் தெரியாது. அறை சூடாகினா இவரும் சூடாகுவார்" என்று. அப்படித்தான் நடக்கிறது. எங்களுக்குப் புழுக்கம் என்றால் அவருக்குக் காய்ச்சல்.

அவர் படுத்திருப்பது முன்னறை. அதன் பெரிய யன்னல் மேற்கே வாவியைப் பார்த்தது. பின்னேர வெயில் நேரே விழும். தண்ணீரில் பட்டுத் திரும்பவும் வரும். மரக்கதவுகள் வளைந்துவிட்டன. சாத்தினாலும் விரல் போகிற அளவுக்கு நீக்கல். அதற்கு மேலே காற்றுக்கு விட்ட ஓட்டைக் கற்கள். ஏசி மத்தியானம் தொடங்கி முனகிக்கொண்டே ஓடுகிறது, அறை குளிர்வதில்லை. நீக்கலில் கையை வைத்தால் குளிர் வெளியே போவது தெரியும். "நாம வாவிக்கு ஏசி போட்டிரிக்கம்" என்று அவர் பகிடி விடுகிறார்.

கரண்ட் பில்லை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் அவர் கண்ணயரும் நேரம் பார்த்து ஏசியை நிறுத்தி, ஈரத் துவாயைப் போட்டுப் பார்த்தேன். போன கிழமை அப்படி நிறுத்திய ஒரு நாள் காய்ச்சல் ஏறி அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. நான் நிறுத்தியதால்தான் என்று அவருக்குத் தெரியாது.

யன்னல் செய்கிற பக்டரியில் நீங்கள் வேலை என்று முன்பு அவர் பெருமையாகச் சொல்வார். அதனால் கேட்கிறேன். இந்த ஏசியை வைத்திருப்பதா, விற்றுவிட்டு இரண்டு நல்ல பேன் வாங்குவதா?

சர்மிலா


டண்டினோங், மெல்பேர்ன்
3 ஏப்ரல் 2024

சர்மிலா,

ஏசியை விற்காதே. பேன் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். வேர்க்காத உடம்புக்கு அதனால் பயனில்லை.

உன் கடிதத்தை இடைவேளையில் வாசித்தேன். எனக்கு முன்னால் நாற்பது யன்னல்கள் அடுக்கியிருந்தன, எல்லாம் யார் யாரோ வீடுகளுக்குப் போகிறவை. பதினொரு வருசமாக அடுத்தவர்களின் அறைகளைக் காத்துக்கொண்டிருக்கிறேன். தம்பியின் அறைக்கு யன்னல் எப்படி என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

ஏசியில் பிழையில்லை, யன்னலில்தான் பிழை. முதலில் வெயிலை வெளியிலேயே நிறுத்து. கண்ணாடியைத் தொட்ட பிறகு அதைத் தடுத்து வேலையில்லை. யன்னலுக்கு வெளியே நல்ல நீளமாக ஒரு சாய்ப்பு இறக்கு. ஓட்டைக் கற்களைச் சீமெந்தால் மூடு. மரக்கதவுகளைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணாடி போட்ட யன்னல் வை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அளவு காற்று அடைபட்டு நிற்க வேண்டும். அந்தக் காற்றுத்தான் சூட்டை மறிக்கும். வெளிக் கண்ணாடி வெயிலைத் திருப்புகிற வகையாக இருக்கட்டும். சட்டத்தைச் சுற்றி றப்பர். வாசல் கதவின் அடிக்கும் றப்பர். இதைச் செய்தால் ஏசி கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நிற்கும். பில்லும் இறங்கும்.

படம் வரைந்து வைத்திருக்கிறேன். ஏறாவூரில் அலுமினிய வேலைக்காரர் இருப்பார்கள், ஒருவரைப் பிடி. செலவு என்னுடையது. அவன் கேட்டால் சேர்ச் தந்தது என்று சொல். என் பெயர் வந்தால் வேண்டாம் என்பான்.

அவன் என்னோடு கதைக்காமல் விட்ட காரணம் உனக்குத் தெரியும். பெரியகல்லாற்றில் சிஸ்டர்மார் நடத்தும் இல்லத்தில் அவனை விடலாம் என்று சொன்னேன். உனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. உனக்காகத்தான் சொன்னேன். இப்போதும் அது பிழை என்று நினைக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இனி ஒரு நாளும் ஏசியை நிறுத்தாதே.

ஜிலியன்


தன்னாமுனை
6 மே 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

படம் கிடைத்தது. அதை என் கையெழுத்தில் வேறு தாளில் வரைந்துதான் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

ஏறாவூரிலிருந்து பஹ்மி என்று ஒருவர் வந்து அளவெடுத்தார். இரண்டு கண்ணாடி யன்னல் இதுவரை செய்ததில்லை, ஆனால் செய்து பார்க்கலாம் என்றார். படத்தில் நீங்கள் குறித்த பிளாஸ்ரிக் சட்டம் இங்கே எடுக்க ஏலாது, அலுமினியம்தான். அவர் அளக்கும்போது மார்க் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"இதைத் திறக்க ஏலுமா?" என்று திடீரென்று கேட்டார்.

"ஏலும் நானா. ஒரு பக்கம் திறக்கலாம். ஆனா ஏசி ஓடக்கொள்ள திறந்தா வேலையில்ல" என்றார் பஹ்மி.

"அப்ப ஏலாதுதான்."

பஹ்மி போன பிறகு என்னைப் பார்த்து, "ஆக்கள் மறுகா எங்க நிண்டு கதைக்கிற?" என்றார்.

மச்சாள், உங்களுக்கு இது விளங்குமோ தெரியாது. அவருடைய கட்டில் அந்த யன்னலோடுதான் கிடக்கிறது. தோணித் துறைக்குப் போகிற ஒழுங்கை அதன் கீழாலேயே போகிறது. உசனார் காக்கா மீன் பெட்டியோடு வந்தால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இவரோடு கதைத்து முடிந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போவார். முன்பு இவருடைய வெல்டிங் கடைக்கு வந்தவர்கள், வலைக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், எல்லாரும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கதைப்பார்கள். ஊரில் நடக்கிற எல்லாம் எனக்கு முதல் இவருக்குத் தெரியும்.

"வீட்டுக்குள்ள வருவாங்கதானே" என்றேன்.

"வரமாட்டானுகள் புள்ள. போற வழியில நிண்டு கதைக்கிறது வேற. நோயாளிய பாக்க வாறது வேற."

வேண்டாம் என்றே பிடிவாதமாக இருந்தார். போன கிழமை மறுபடியும் காய்ச்சல் ஏறியது. இரண்டு நாள் நான் கண் மூடவில்லை. மூன்றாம் நாள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்படியே உட்கார்ந்தபடி நித்திரையாகிவிட்டேன். கோப்பை விழுந்து உடைந்த சத்தத்தில்தான் எழும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, யன்னல போடு" என்றார்.

சேர்ச் தந்தது என்று சொன்னேன். நம்பிவிட்டார். நம்பியது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சர்மிலா


டண்டினோங்
4 ஜூன் 2024

சர்மிலா,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உள்ளே சின்னச் சின்ன வெள்ளை மணிகள் இருக்கும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓடுகிற குழாய்ச் சட்டத்துக்குள் அவற்றை நிரப்பச் சொல். ஈரத்தை அவை குடித்துவிடும். இல்லையென்றால் வாவிக்கரை ஈரத்துக்கு ஒரு மாதத்தில் கண்ணாடி உள்ளே பனிப் புகார் பிடித்த மாதிரி ஆகிவிடும். பிறகு துடைக்கவும் வழியில்லை. பையைத் திறந்தால் உடனே நிரப்பிப் பூச வேண்டும் என்று பஹ்மியிடம் சொல். மழை நாளில் செய்ய வேண்டாம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் வீட்டு யன்னல் ஒற்றைக் கண்ணாடி. வாடகை வீடு, மாற்ற விடமாட்டார்கள். விடிய எழும்பினால் யன்னல் விளிம்பு எல்லாம் ஈரம். வேலை செய்கிற இடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

யன்னல் போட்டதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. யன்னலின் படம் போதும். அவன் அதில் விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

ஜிலியன்


தன்னாமுனை
19 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

யன்னல் போட்டு ஒரு மாதமாகிறது. முதலே எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதமும் நித்திரை கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

கச்சான் வீசுகிற காலம் இது. மேற்கேயிருந்து வருகிற அந்தக் காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும், உங்களுக்கு நினைவிருக்கும். போன வருசம் இந்த நேரம் நாங்கள் ஆசுபத்திரியில். இந்த வருசம் அவருக்கு ஒரு நாளும் காய்ச்சல் இல்லை. மத்தியானம் ஏசியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் அது தானாக மூச்சை விட்டுவிட்டு நிற்கிறது. முதல் நாள் நான் பழுதாகிவிட்டது என்று பயந்துபோனேன். பில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வெளியே பஹ்மி போட்ட தகரச் சாய்ப்பு வெயிலை முழுக்க மறிக்கிறது. அலுமினியச் சட்டம் மட்டும் விடிய வெளிப்பக்கத்தில் நீர் கோத்து நிற்கும். "எனக்குப் பதிலா யன்னல் வேர்க்கிது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

நன்றி என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமோ என்று யோசித்து இரண்டு நாள் கடிதத்தை வைத்திருந்தேன். வெயிலைத் திருப்புகிற கண்ணாடி பகலில் வெளியிலிருந்து பார்த்தால் முகக்கண்ணாடி மாதிரித்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தங்கள் முகம்தான் தெரிகிறது. உசனார் காக்கா முதல் நாள் தட்டினார். மார்க் உள்ளே இருந்து கூப்பிட்டார். அவருடைய குரலுக்கு இப்போது பலமில்லை, உங்களுக்குத் தெரியுமே. காக்காவுக்குக் கேட்கவில்லை. நித்திரை என்று நினைத்துப் போய்விட்டார். அவர் போவதை மார்க் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உள்ளே வரச் சொல்லி எல்லாரிடமும் சொன்னேன். முதல் கிழமை வந்தார்கள். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, கதிரையில் நுனியில் இருந்து, "எப்படி சுகம்?" என்று கேட்டார்கள். ஒழுங்கையில் நின்று அப்படி ஒருவரும் கேட்டதில்லை. இரண்டாம் கிழமை குறைந்துவிட்டது. இப்போது வருவது பாதர் மட்டும்தான்.

சத்தமே இல்லை மச்சாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்குக் கேட்கிறது.

சர்மிலா


டண்டினோங்
16 செப்டெம்பர் 2024

சர்மிலா,

படம் வந்தது. பஹ்மி மூலைகளை நன்றாகப் பூசியிருக்கிறார்.

ஒழுங்கையில் போகிறவர்கள் ஒழுங்கையில் போகட்டும். அவனுக்கு வலிப்பு வந்தபோது அவர்களில் யார் ஈரத் துவாய் பிழிந்தது? உயிரோடு இருக்கிறான், நீ நித்திரை கொள்கிறாய். இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு ரீவி வாங்கி வை, செலவை அனுப்புகிறேன். சனம் இல்லாவிட்டால் பழகிப் போகும். எனக்குப் பழகியிருக்கிறது.

கதவின் அடி றப்பரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார். தேய்ந்தால் மாற்று.

ஜிலியன்


தன்னாமுனை
9 டிசம்பர் 2024

ஜிலியன் மச்சாள்,

அவருக்குத் தெரிந்துவிட்டது.

மழைக்கு யன்னல் ஒழுகுகிறதா என்று பார்க்க பஹ்மி தானாகவே வந்தார். நல்ல மனிசன். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட அக்கா அனுப்பின மணிதான் இதக் காப்பாத்தியிரிக்கி நானா. அது இல்லாட்டி இந்த மாரிக்கு உள்ள முழுக்கப் புகார் புடிச்சிரிக்கும்" என்றார். நான் அடுப்படியில் நின்றேன். ஆற்றிய கோப்பியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தேன், பிந்திவிட்டது.

அன்று முழுக்க அவர் ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். என்னை ஏசினால் நல்லது என்று இருந்தது. பின்னேரம் நானே கேட்டேன், "கோவமா?" என்று.

"அவ என்னை ஹோம்ல போடச் சொன்னவ. நீ மாட்டன் எண்ட. இப்ப ரெண்டு பேரும் சேந்து இஞ்சயே ஒரு ஹோம் கட்டித் தந்திரிக்கீங்க" என்றார்.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் பிரஷாந்தி சொன்னாள். தனியாகச் சுமக்க எனக்கு ஏலவில்லை. உங்கள் போன கடிதத்தை வாசித்த கோபமும் இருக்கிறது. பழகிப் போகும் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குக் கால் இருக்கிறது மச்சாள். வேண்டுமென்றால் எழும்பி ஒருவரிடம் போகலாம்.

பிறகு அவரே கேட்டார், பின்னேரத்தில் கொஞ்ச நேரம் யன்னலைத் திறந்துவிடச் சொல்லி. மழைக்காலம்தானே, வெளியே குளிர். திறந்துவிட்டேன். மூன்றாம் நாள் உசனார் காக்கா சைக்கிளைச் சாய்த்தார். "எங்க மார்க் தம்பி போனீங்க இவ்வளவு நாளும்?" என்று கேட்டார். "வெளிநாட்டுக்கு" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கிணற்றடி வரை கேட்டது.

சர்மிலா


டண்டினோங்
8 ஜனவரி 2025

சர்மிலா,

நீ எழுதிய அந்த ஒரு வரியைப் பல தடவை வாசித்தேன். பிறகு வேலைக்குப் போய் கண்ணாடி ஒன்றை உடைத்துவிட்டேன். பதினொரு வருசத்தில் முதல் தடவை. கையில் தையல் போட்டிருக்கிறது, அதுதான் எழுத்து இப்படி.

எனக்குக் கால் இருப்பது உண்மை. வேலை முடிந்து வந்தால் அந்தக் கால் போக இடமில்லை. இதை உனக்குப் பதிலாகச் சொல்லவில்லை.

மாரியில் திறந்து வை. மாசி வரை பயமில்லை. பங்குனி பிறந்தால் மூடிவிடு. அவன் கெஞ்சுவான், நீ இளகுவாய். இளகாதே. அவன் என்னை வெறுக்கட்டும், உன்னையும் வெறுக்கட்டும். வெறுப்பதற்காவது ஆள் இருக்க வேண்டும்.

ஜிலியன்


தன்னாமுனை
23 ஜூன் 2025

ஜிலியன் மச்சாள்,

மார்க் இப்போது இந்த வீட்டில் இல்லை. உயிரோடு இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி பங்குனி பிறந்ததும் யன்னலை மூடினேன். அவர் கெஞ்சவில்லை. ஒரு தடவைகூடத் திறக்கச் சொல்லவில்லை. வெளியே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். பிறகு அதையும் விட்டுவிட்டு முகட்டைப் பார்க்கத் தொடங்கினார். போனைக்கூடத் தட்டுவதில்லை. குச்சியைக் கொடுத்தால் கவ்விக்கொண்டு சும்மா இருப்பார்.

சித்திரை கடைசியில் ஒரு நாள் துறையில் ஒரே ஆரவாரம். பெரிய மீன்பாடு. ஆட்கள் ஓடுவது கண்ணாடிக்குள்ளால் தெரிகிறது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் கேட்காமல் நானே போய்த் திறந்தேன். உங்கள் சொல்லை மீறியது நான்தான். உசனார் காக்கா வந்தார், வலைக்காரர் வந்தார்கள். ஒருவர் துடிக்கத் துடிக்க ஒரு கொடுவா மீனைத் தூக்கிக் காட்டினார். வெயில் சாயும் வரை கதை. அவருடைய முகம் சிவந்துகொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது. ஒள்ளுப்பம் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நான் மூடாமல் நின்றேன்.

அன்று பொழுதுபடவே காய்ச்சல் ஏறி, நெஞ்சில் சளி இறங்கி, ஆசுபத்திரியில் இரண்டு கிழமை. ஒரு கட்டத்தில் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, பாதரை வரச் சொல்லுங்கள் என்றார். பாதர் வந்து செபித்துக் கடைசி எண்ணெய் பூசினார். அதற்குப் பிறகு அவர் தேறினார்.

தேறிய பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். வார்ட்டில் இரண்டு பக்கமும் கட்டில். ஒரு பக்கம் சித்தாண்டியில் வயல் செய்கிற கமக்காரர், மற்றப் பக்கம் கால் முறிந்த ஒரு பஸ் கொண்டக்டர். இவர் அவர்களோடு கதைத்த கதையை நான் யன்னல் போட்ட பிறகு கேட்கவில்லை. கொண்டக்டருக்கு வெல்டிங்கைப் பற்றிப் பாடமே எடுத்தார். வீட்டுக்குக் கூட்டி வந்து குளிர் அறையில் படுக்க வைத்ததும் வாய் மூடிவிட்டது.

ஒரு கிழமை கழித்துப் பாதர் வந்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதைத்தார்கள். அந்தக் கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது. மூன்று நாள் கழித்து விடிய வாசலில் ஒரு வான் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரியும். பெரியகல்லாற்று இல்லத்துக்குப் போக அவரே எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார்.

"அங்க ஏசி இல்ல" என்றேன்.

"தெரியும்."

"பெரிய ஹோல். சுத்தி வர யன்னல், ஒண்டும் சாத்திறல்ல. கச்சான் வீசினா என்ன செய்வீங்க?"

"தெரியும் புள்ள. எட்டுப் பேர் கிடக்கிறாங்க அங்க. ஆராவது ஒராள் எப்பவும் கதைச்சிக்கொண்டு இரிப்பான்."

"டொக்டர் என்ன சொன்னவர் எண்டு மறந்து போச்சா?"

"மறக்கல்ல. இஞ்ச கன காலம் இரிக்கலாம். அங்க ஏலாம போகலாம். நான் ரெண்டையும் யோசிச்சிட்டன்."

நான் அழுதேன், ஏசினேன், வான்காரனைத் திரும்பிப் போகச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கடைசியாகக் கேட்டேன், "எனக்காகப் போறீங்களா?" என்று.

"உனக்காக எண்டா உனக்குக் கோவம் வரும். எனக்காக எண்டா உனக்கு நோகும். உனக்கு ஏலுமானத நினை" என்றார். வானில் ஏற்றும்போது தலையணையைச் சரி பண்ணச் சொன்னார். பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போய்ப் பார்க்கிறேன். போகும்போதெல்லாம் உடம்பு சுடுகிறது. சிஸ்டர்மார் நல்லவர்கள், மாறி மாறி ஈரத்துணி போடுகிறார்கள். அந்த ஹோலுக்கு யன்னல் போடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கேட்டேன். அடைத்தால் மற்ற எட்டுப் பேருக்கும் மூச்சு முட்டும் என்றார்கள். அதுவும் சரிதான்.

இந்த அறை நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஒரு இடத்தாலும் குளிர் போகவில்லை. அவர் போன அன்று அவருடைய கட்டிலில் விழுந்தவள் அடுத்த நாள் மத்தியானம்தான் எழும்பினேன். அவ்வளவு நல்ல நித்திரை. எழும்பியதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

நான் இளம் பிள்ளை, என் வாழ்க்கை வீணாகக்கூடாது என்று நீங்கள் அன்றே சொன்னீர்கள். இன்று அவரும் அதையே செய்துவிட்டார். அக்காவும் தம்பியுமாக என்னை விடுவித்துவிட்டீர்கள். விடுதலை வேண்டுமா என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

சர்மிலா


டண்டினோங்
14 ஜூலை 2025

சர்மிலா,

கேட்கவில்லை. உண்மைதான்.

டிசம்பரில் வருகிறேன். உன்னோடுதான் தங்குவேன், நீ விட்டால்.

நேற்று அந்த இல்லத்துக்குப் போன் எடுத்தேன். சிஸ்டர் ஒருவர் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும், "பொறுங்கள், கேட்டுச் சொல்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லியனுப்புவான் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன். போனை அவனுடைய காதில் வைத்துவிட்டார்கள்.

"அக்கா" என்றான்.

மூன்று வருசத்துக்குப் பிறகு கேட்கிறேன். அப்பாவின் குரல் மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. யன்னல் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி.

"நல்ல யன்னல் அக்கா. ஒரு பிழையும் சொல்ல ஏலாது" என்றான்.

"அங்கே வெக்கையா?"

"ஓம். கச்சான்தானே."

"காய்ச்சல் இரிக்கா?"

"ஒள்ளுப்பம்."

பொய் சொல்கிறான் என்று மூச்சிலேயே தெரிந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று இழுத்தான். ஆசுபத்திரிக்குப் போ என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பின்னால் யாரோ "துரும்ப இறக்குடா மார்க்!" என்று கத்தினார்கள். சீட்டில் முந்நூற்று நாலு விளையாடுகிறார்களாம். இவனுடைய சீட்டுகளைப் பக்கத்துக் கட்டில்காரர் பிடித்துக்கொள்ள, இவன் சொல்லச் சொல்ல அவர் போடுகிறாராம். "ஒரு நிமிசம் அக்கா" என்றான். எதைப் போட வேண்டும் என்று அவருக்குச் சொன்னான். ஒரே கூச்சல், ஒருவர் மேசையில் அடித்தார், யாரோ தோற்றுவிட்டார்கள். மார்க் சிரித்தான். சிரிப்பு முடிய முதல் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான்.

என்னைப் போனில் விட்டதை மறந்துவிட்டான். நான் வைக்கவில்லை. அவர்கள் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போட்டு, அதுவும் முடியும் வரை, இங்கே குளிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜிலியன்